நோயாளி வலி இருப்பதாகக் கூறினார்

இந்த ஒரு வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. நர்சிங் மாணவிகள் ஒவ்வொரு நோயாளிக்கும் கேர் பிளான் என்று ஒன்று எழுத வேண்டும். அதில் முதல் கட்டத்தில் நோயாளி தன் வாயால் சொன்னதை எழுத வேண்டும். அடுத்த கட்டத்தில் நாம் கண்ணால் பார்த்ததை. முதல் கட்டத்தில் எல்லாரும் ஆங்கிலத்தில், மணி மணியான கையெழுத்தில் எழுதுவது இதைத்தான்: நோயாளி வலி இருப்பதாகக் கூறினார். வயிற்றுப் புண்காரரும் அதையே கூறுவார், கால் முறிந்தவரும் அதையே கூறுவார். ஒருமுறை, பக்கவாதத்தில் பேச்சே போய்விட்ட ஒரு பெரியவரும் அதையே கூறியிருந்தார். அந்த ரெக்கார்டை ஜன்னல் வழியாக எறியாமல் மேசையில் வைத்தேனே, அதற்கே எனக்கு யாராவது சால்வை போர்த்தியிருக்க வேண்டும். சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இந்த வரியை நம்பி இருந்ததில் ஒருவனுடைய வலது கை போகப் பார்த்தது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நான் வேலை பார்க்கும் கல்லூரி, ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் எங்கள் வேன் கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கி வழிந்திருப்பார்கள். பெரும்பாலும் இந்தச் சுற்று வட்டாரம்தான். வீட்டுக்கு ஒருவராவது ஏதாவது ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்பவர். படித்து முடித்ததும் இவர்களில் பலர் அதே கம்பெனிகளின் முதலுதவி அறைக்குத்தான் வேலைக்குப் போவார்கள். அங்கே பல நேரம் டாக்டர் இருக்க மாட்டார், கேட்டுக்கொள்ள ஒரு சீனியர் சிஸ்டரும் இருக்க மாட்டார். மயங்கி விழுந்தவளையும் விரல் நசுங்கியவனையும் தூக்கி வந்து இவள் முன்னால் போட்டுவிட்டு, சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யோசிக்க வேண்டியது இவள் ஒருத்திதான்.

இதைச் சொல்லித்தான் பிரின்சிபல் மேடத்திடம் மல்லுக்கு நின்று வியாழக்கிழமை மத்தியான வகுப்பை வாங்கினேன். நோட்ஸ் டிக்டேட் செய்ய மாட்டேன், கேஸ் ஸ்டடி வைத்துத்தான் நடத்துவேன் என்றேன். அரைப் பக்கத்துக்கு ஒரு நோயாளியின் கதை. கடைசியில் ஒரே கேள்வி: இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள், ஏன்? அந்த 'ஏன்' வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைத்தேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "செய்யுங்க. ஆனா இன்டர்னல்ல மார்க் குறைஞ்சா பழையபடி டிக்டேஷன்தான்" என்றார்.

முதல் கேஸை நானே ஆசை ஆசையாக எழுதினேன். ஷிப்ட் முடியும் நேரத்தில் லைனில் தலைசுற்றி விழுந்த ஒரு பெண். ரிலீவர் வந்து இடத்தைப் பிடிக்காமல் அவளால் பாத்ரூம் போக முடியாது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இதை இரண்டாவது வரியிலேயே எழுதியிருந்தேன். படித்துக் காட்டிவிட்டு, சொல்லுங்கள் என்றேன். வகுப்பு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"மேம், இது எந்த சாப்டர்?"

"எதுக்கும்மா?"

"சாப்டர் தெரிஞ்சா டயக்னோசிஸ் போட்டுடலாம் மேம்."

அந்த வாரம் ரத்தசோகைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. எனவே அந்தப் பெண்ணுக்கு ரத்தசோகை என்று வகுப்பே ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. முந்தின வாரம் நடத்தியிருந்தால் அவளுக்கு ஆஸ்துமா வந்திருக்கும். நான் பொறுமையாக இரண்டாவது வரியைக் காட்டி, உடம்பில் நீர் வற்றியதைப் பற்றிப் பேசினேன். உடனே எல்லாத் தலையும் குனிந்தது, எல்லாப் பேனாவும் ஓடியது. ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டுக்கொண்டார்கள். இன்டர்னல் தேர்வில் கேஸைக் கொஞ்சம் மாற்றி, வீட்டில் மயங்கி விழுந்த, சர்க்கரை வியாதி உள்ள ஒரு வயதான தையல்காரரைக் கொடுத்தேன். அவர் பாத்ரூம் போய்வர லைனில் ரிலீவர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று முக்கால்வாசிப் பேர் எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று யாரிடமும் பேசாமல் வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன்.

இருந்தாலும் விடவில்லை. அடுத்து ஒரு மாவுக்கட்டுக் கேஸ். பிரஸ் மெஷினில் கை சிக்கிய ஒரு தொழிலாளி. எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டாயிற்று. ஆனால் ஊசி போட்டும் வலி குறையவில்லை. விரல் மரத்துப் போகிறது என்கிறார், கட்டு இறுக்குகிறது என்கிறார். உள்ளே சதை வீங்கி, வீக்கத்துக்கு இடம் கொடுக்காமல் கட்டு நெரித்தால், ரத்தம் போகாமல் கை சில மணி நேரத்தில் செத்துப் போகும். அதைக் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டியவை ஆறு. ஆங்கிலத்தில் ஆறும் 'பி'யில் தொடங்கும். ஆறு பி என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மனப்பாடம் செய்ய வாகாக இருக்கிறதே.

அவர்களில் ஒருத்தி மட்டும் எனக்கு நம்பிக்கை தந்தாள். வாலாஜாபாத் பக்கத்துப் பெண். ஒடிசலாக இருப்பாள், குரல் மட்டும் கணீரென்று வரும். அப்பா இல்லை, ஒரகடத்தில் லைனில் வேலை செய்யும் அண்ணன்தான் படிக்க வைக்கிறார். ஆறு பியையும் மூச்சு விடாமல் சொன்னதோடு, ஏன் என்று கேட்டபோது ரத்தம் போகாததையும் சொன்னாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இவள் ஒருத்தி தேறினால் போதும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே அவளுக்கு ஆஸ்பத்திரிப் போஸ்டிங் வந்தது. இந்தப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில்தான் எங்கள் பிள்ளைகள் பயிற்சி எடுப்பார்கள். வார்டு வார்டாகச் சுற்றி மேற்பார்வை பார்ப்பது என் வேலை. அன்று காலை எலும்பு வார்டுக்குள் நுழைந்தபோதே ஆயாம்மா என்னை மடக்கினார்.

"இன்னா மேடம் நீங்க, இப்பத்தான் வரீங்க. அந்த ஹிந்திக்காரப் புள்ள காத்தாலேர்ந்து கத்திக்கினே கீது. பக்கத்து பெட்டுக்காரங்க என்னியப் புடிச்சுத் திட்றாங்க. ஒரு ஊசியப் போட்டுத் தூங்க வெய்ங்களேன்."

ஒடிசாவிலிருந்து வந்து வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த இளைஞன். முந்தின நாள் பிரஸ்ஸில் வலது முன்கை சிக்கி, மாலையில் கட்டுப் போட்டிருந்தார்கள். காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் கொண்டுவந்து சேர்த்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். கூட யாரும் இல்லை. ஏசி குளிருக்கு யாரோ கழுத்து வரை போர்த்திவிட்டிருந்தார்கள். அவன் தலையை இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். ஸ்டாஃப் சிஸ்டர் வார்டு முழுவதற்கும் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். கட்டில் பக்கத்தில் என் வாலாஜாபாத் பெண், மடிப்புக் கலையாத யூனிஃபார்மில், ரெக்கார்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"குட் மார்னிங் மேம்" என்றாள். நோயாளியின் வயது, அடிபட்ட இடம், போட்ட மருந்து, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஒரு தப்பு இல்லை. ரெக்கார்டை வாங்கிப் பார்த்தேன். முதல் கட்டத்தில் அந்த வரி இருந்தது. நோயாளி வலி இருப்பதாகக் கூறினார்.

"இதை எப்ப எழுதின?"

"நேத்து வீட்லயே முடிச்சிட்டேன் மேம்."

இது எங்கள் கல்லூரியில் எல்லாரும் செய்வது. மாலையில் வகுப்பு வாட்ஸாப்பில் யாருக்கு எந்த பெட், என்ன வியாதி என்று வந்துவிடும். உடனே உட்கார்ந்து, நாளைக்குப் பார்க்கப்போகிற நோயாளி நாளைக்குச் சொல்லப்போவதை இன்றைக்கே எழுதிவிடுவார்கள். காலையில் ரெக்கார்டு கையெழுத்துக்குத் தயாராக இருக்கும். தாமதமாக ரெக்கார்டு வைத்தால் திட்டு விழும். முன்னாலேயே எழுதியதற்கு யாரும் திட்டியதில்லை.

"வலிக்குதுன்னு உங்கிட்ட எந்த பாஷையில சொன்னார்?"

"மேம்... அவருக்குத் தமிழ் வராது மேம்."

நான் போர்வையை விலக்கினேன். தலையணை மேல் தூக்கி வைத்திருந்த கையில், கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் உப்பிப் பளபளவென்று, நிறம் செத்து இருந்தன. நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்தது வெளுத்தபடியே கிடந்தது. நடுவிரலை மெல்ல நிமிர்த்தப் பார்த்ததும் அவன் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. சிஸ்டரைக் கத்திக் கூப்பிட்டேன். டூட்டி டாக்டர் ஓடிவந்தார். கட்டை நீளவாக்கில் வெட்டிப் பிளந்தார்கள், பஞ்சு வரை பிரித்தார்கள், அப்படியே தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளிக்கொண்டு போகும்போதும் அவன் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அது என்ன வார்த்தை என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

கையை எடுக்க வேண்டி வரவில்லை. சதையைக் கீறிவிட்டு அழுத்தத்தை இறக்கிக் காப்பாற்றினார்கள். ஆனால் விரல்கள் எவ்வளவு தூரம் மடங்கும் என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் சர்ஜன். இன்னும் சீக்கிரம் பார்த்திருந்தால் என்று தொடங்கியவர், என் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவளை மாடிப்படி ஓரமாக அழைத்துப் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினேன். "ஆறு பியும் உனக்குத் தெரியும். ஏன்னு கேட்டா அதுவும் தெரியும். அவன் காலையிலேருந்து கத்திக்கிட்டிருக்கான். அந்தப் போர்வையைத் தூக்கி ஒரு தடவை பார்க்கறதுக்கு உனக்கு என்னடி கேடு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கேஸ் ஸ்டடில பேஷன்ட் அவரே எல்லாம் சொல்லிடுவாரு மேம். விரல் மரத்துப் போவுது, கட்டு இறுக்குதுன்னு. இவரு ஒண்ணும் சொல்லலன்னு நெனச்சேன்."

அறைந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் சொன்னது உண்மைதானே, நான் எழுதிய நோயாளிகள் எல்லாரும் அழகாகத் தமிழ் பேசினார்கள். எது முக்கியமோ அதை மட்டும், வரிசையாக, அரைப் பக்கத்துக்குள் சொன்னார்கள். ஒருவராவது போர்த்திக்கொண்டு படுத்ததில்லை. அவள் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், சாப்பிடப் போ என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் பிரின்சிபல் மேடம் கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து பேசியிருந்தார்களாம். உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பொண்ணோட ரெக்கார்டு கம்ப்ளீட்டா இருக்கா?"

"இருக்கு மேடம். அதான் பிரச்சினையே."

"கம்ப்ளீட்டா இருந்தா ஏம்மா பிரச்சினை? நம்ம பக்கம் சேஃப்."

வலி இருப்பதாகக் கூறினார் என்று எழுதியிருக்கிறது, ஊசி போட்டிருக்கிறது, ஆகவே நாம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று விளக்கினார். அவன் எதுவும் கூறவில்லை மேடம், அவன் பேசியது யாருக்கும் புரியவில்லை என்றேன். அதெல்லாம் ரெக்கார்டில் வராதே என்றார். பிறகு, மார்க் குறைந்திருந்த இன்டர்னல் பட்டியலையும் கையில் கொடுத்து, வியாழக்கிழமை வகுப்பைப் பற்றி இந்த மாதக் கடைசியில் முடிவு செய்யலாம் என்றார். வெளியே வந்து தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று முகத்தைக் கழுவினேன். திட்ட வேண்டும் போல இருந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த மாதத்தின் கடைசி வியாழக்கிழமை கேஸ் பேப்பர் எதுவும் எடுத்துப் போகவில்லை. ஸ்டாஃப் ரூமிலேயே வலது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டேன். பயிற்சி அறையில் பொம்மை நோயாளி படுக்கிற கட்டிலில், பொம்மையை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, நானே படுத்து மார்பு வரை போர்த்திக்கொண்டேன். பிள்ளைகள் உள்ளே வந்ததும் சிரிப்பு வெடித்தது. ஒருத்தி போன் எடுத்துப் போட்டோ பிடித்தாள்.

"இன்னிக்கு நான்தான் கேஸ். கம்பெனியில அடிபட்டவ. உங்க பாஷை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு முனக ஆரம்பித்தேன்.

"மேம், டேட்டா குடுங்க மேம்."

முனகினேன்.

"மேம், கொஸ்டின் எங்க மேம்? போர்டுல எழுதுறீங்களா?"

"எந்த சாப்டர்னாவது சொல்லுங்க மேம்."

ரப்பர் பேண்டு நிஜமாகவே கடித்தது. விரல் குத்தத் தொடங்கியிருந்தது. முனகுவதற்கு நடிப்பு தேவைப்படவில்லை. அவர்களோ கட்டிலைச் சுற்றி அரை வட்டமாக நின்று, இது காய்ச்சலா, மனநலப் பாடமா, மேம் உண்மையிலேயே கோபமாக இருக்கிறாரா என்று தங்களுக்குள் விவாதித்தார்கள். யாரும் ஓரடி கிட்டே வரவில்லை. டீச்சர் படுத்திருக்கும் போர்வையை யாராவது தொடுவார்களா! எனக்கு எரிச்சல் தொண்டை வரை வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, போங்கள், நோட்டை எடுங்கள், டிக்டேட் செய்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அப்போது வாலாஜாபாத் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போர்வையை நீக்கினாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தாள், விரலைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். பிறகு என்னிடம் அனுமதிகூடக் கேட்காமல், யூனிஃபார்ம் பையிலிருந்த கத்தரிக்கோலால் ரப்பர் பேண்டை வெட்டிவிட்டாள். ரத்தம் பாய்ந்த வேகத்தில் விரல்கள் எல்லாம் ஊசி ஊசியாகக் குத்தின. அவள் முகத்தில் சிரிப்பில்லை.

எழுந்து உட்கார்ந்தேன். முதல் வரிசையில் நின்ற பெண்ணின் நோட்டு கட்டில் விளிம்பில் திறந்து கிடந்தது. தேதி போட்டு, ஸ்கேலால் கட்டம் போட்டு, முதல் கட்டத்தை அவள் ஏற்கெனவே நிரப்பியிருந்தாள். என்ன எழுதியிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தேன். திட்டக்கூடத் தெம்பில்லை.

பெல் அடித்து எல்லாரும் வேனுக்கு ஓடிய பிறகும் வாலாஜாபாத் பெண் போகவில்லை. பொம்மையைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தாள், போர்வையை மடித்தாள். நான் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழம அவரப் போய்ப் பாத்தேன் மேம்" என்றாள்.

"யாரை?"

"அந்த ஒடிசா அண்ணன. வல்லம் வடகால்ல ரூம்ல இருக்காரு. எங்க அண்ணனக் கூட்டிக்கினு போனேன். அண்ணனுக்கு லைன்ல ஹிந்தி பேசிப் பேசிக் கொஞ்சம் வரும்."

"விரல் மடங்குதா?"

"கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடங்குது மேம். மத்தது மடங்கல. டம்ளரப் புடிச்சாரு, நழுவிடுச்சு. காண்ட்ராக்டர் ஊருக்குப் போன்னு சொல்லிட்டானாம்."

"நீ என்ன கேட்ட?" என்றேன்.

"அன்னிக்கு இன்னா சொல்லிக்கினே இருந்தீங்கன்னு கேக்கச் சொன்னேன். கையத் தொறந்து பாருங்கன்னு சொல்லிக்கினே இருந்தாராம் மேம்." மடித்த போர்வையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "அப்பறம் வலிக்குதான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"வலிக்குதுன்னு சொன்னாரு மேம்."